கையளிக்கப்பட்ட உடம்பு

எனக்கு வந்த வருத்தத்தின் பெயரை எங்கள் ஆட்களில் இரண்டு பேர் ஒரேமாதிரிச் சொல்லி நான் கேட்டதில்லை. டொக்டர் பிரெஞ்சில் "கீலான் பாரே" என்றார். முதலில் அதைப் பற்றி எழுதிவைத்த டொக்டர்மாரின் பெயராம். எங்கள் தமிழ்ப் பூசைக்கு வருகிறவர்களின் வாயில் அது "கீழாம்பாறை" ஆகிவிட்டது. தொலைபேசியில் விசாரிப்பவர்களுக்கு நான் பாதி சொல்வதற்குள் மறுபக்கத்தில் அழுகை தொடங்கிவிடும். பிறகு நான்தான் அவர்களைத் தேற்ற வேண்டும். ஆகவே முழுவதையும் ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். விரல்களில் பேனா நிற்கத் தொடங்கி மூன்று மாதந்தான் ஆகிறது. ஒரு பக்கம் எழுதினால் கை களைத்துவிடுகிறது, அதனால் சிறிது சிறிதாகத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் பிலோமினா. மன்னாரில் பிறந்தவள். கணவர் அன்ரன் யாழ்ப்பாணம். எங்களுக்கு ஒரே மகள், டிலானி. வருத்தம் வந்தபோது அவளுக்குப் பதினேழு வயது. நாங்கள் மொன்றியலில், பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் லிஃப்ட் இல்லாத கட்டடமொன்றில் மூன்றாம் மாடியில் இருந்தோம். அவர் பாண் பேக்கரியில் வேலை. நான் சபனெல் வீதியில் ஒரு தையல் தொழிற்சாலையில் காற்சட்டைகளுக்குப் பை தைத்தேன்.

அந்த மெஷினை ஓட்டுவதும் நிறுத்துவதும் வலது காலால். தவக்காலத்தின் இரண்டாம் கிழமை, ஒரு செவ்வாய்க்கிழமை, நான் தைத்துக்கொண்டிருந்த தையல் ஓரத்தைத் தாண்டி ஓடிப்போனது. மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். குனிந்து பார்த்தால் கால் மிதியின் மேலேயே இருந்தது. சப்பாத்துக்குள் எறும்பு ஊர்வதுபோல ஒரு உணர்வு. அதற்கு இரண்டு கிழமைக்கு முன் எனக்கு வயிற்றோட்டம் வந்து போயிருந்தது. அந்தக் களைப்பும் குளிரும் சேர்ந்ததென்று விட்டுவிட்டேன். மொன்றியல் மார்ச்சில் கால் விறைக்காத மனிதர் யார்?

வியாழக்கிழமை கடையிலிருந்து வந்து மாடிப்படி ஏறும்போது முழங்கால் மடிந்து விழுந்தேன். நான் பதினொரு வருடமாகத் தவக்கால வெள்ளிகளில் சிலுவைப்பாதை வாசித்தவள். குரல் பெரிதென்பதால் எனக்கு மைக் தேவையில்லை என்று பகிடி பண்ணுவார்கள். ஆண்டவர் மூன்று முறை விழுந்ததை எத்தனை தடவை வாசித்திருப்பேன்! ஆனால் அன்று படியில் கிடந்தபோது எனக்கு ஆண்டவர் நினைவு வரவில்லை. பையிலிருந்த முட்டை உடைந்துவிட்டதே என்றுதான் கவலைப்பட்டேன்.

அடுத்த நாள் காலை கட்டிலிலிருந்து இறங்க முடியவில்லை. அன்ரனும் கீழ்வீட்டுக்காரரும் என்னைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு போய்க் காரில் வைத்தார்கள்.

அவசர சிகிச்சைப் பிரிவில் ஒன்பது மணித்தியாலம் காத்திருந்தோம். ஒருவரையும் குறை சொல்லவில்லை. தலையில் இரத்தத்தோடு வந்தவரையும் மூச்சுத் திணறிய குழந்தையையும் முதலில் பார்க்கத்தானே வேண்டும். ஆனால் அந்த ஒன்பது மணித்தியாலத்தில் என் கால்களின் விறைப்பு முழங்காலிலிருந்து தொடைக்கு ஏறியது. அளந்து பார்த்ததுபோல எனக்குத் தெரிந்தது. வந்தபோது முழங்காலைக் கிள்ளினால் உணர்வு இருந்தது. பெயர் கூப்பிட்டபோது இல்லை.

டொக்டர் சிரித்த முகமுள்ள இளம் மனிதர். சிறிய சுத்தியலால் என் முழங்காலில் தட்டினார். கால் உதறவில்லை. மறுகாலிலும் தட்டினார். முழங்கையிலும் தட்டினார். பிறகு சிரிப்பதை நிறுத்திவிட்டார். முதுகில் ஊசி ஏற்றி, முள்ளந்தண்டைச் சுற்றியிருக்கும் நீரில் சில துளிகள் எடுத்தார்கள். அதில் புரதம் கூடியிருந்தால் வருத்தம் அதுதானாம். அடுத்து, நரம்புகளில் மெல்லிய மின்சாரம் விட்டு, அது எவ்வளவு வேகமாக ஓடுகிறதென்று பார்த்தார்கள். முடிவு வந்ததும் டொக்டர் டிலானியின் முகத்தைப் பார்த்துப் பிரெஞ்சில் விளங்கப்படுத்தினார். எங்கள் இருவருக்கும் பிரெஞ்சு கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான்.

"அம்மா, நரம்பு கரண்ட் வயர் மாதிரியாம். அதுக்கு மேல ஒரு உறை இருக்காம். கிருமியோட சண்டை பிடிக்கிறதுக்கு எங்கட உடம்பில இருக்கிறது, கிருமி எண்டு நினைச்சு அந்த உறையைத் தின்னுதாம்." அவள் நிறுத்தினாள். "உங்கட உடம்பே உங்களை..."

"சரி, சரி. சுகம் வருமோ எண்டு கேள்."

அவள் கேட்டாள். டொக்டர் கனநேரம் கதைத்தார். அவள் ஒரேயொரு வசனம் சொன்னாள். "வருமாம் அம்மா, ஆனா முதல்ல இன்னும் கூடுமாம்."

அது உண்மையாகவே நடந்தது. மருந்து ஏற்றினார்கள். ஆயிரக்கணக்கான மனிதர் தானம் கொடுத்த இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு நீர், கண்ணாடிப் போத்தலிலிருந்து ஐந்து நாள் துளித்துளியாக என் கைக்குள் இறங்கியது. முகம் தெரியாத எத்தனை பேருடைய இரத்தம் என்று நினைத்தபோது "உங்களுக்காகச் சிந்தப்படும் இரத்தம்" என்று பூசையில் கேட்கிற வார்த்தைகள் நினைவுக்கு வந்தன. ஆனால் அந்த மருந்து உடனே வேலை செய்வதில்லை. விறைப்பு இடுப்புக்கு ஏறியது, கைக்கு வந்தது. நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒரு குழாயில் ஊதச் சொல்லி மூச்சின் பலத்தை எழுதிவைத்தார்கள். ஒவ்வொரு தடவையும் எண் குறைந்தது.

இந்த இடத்தில் ஸ்ரெலாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஸ்ரெலா அன்ரனின் தங்கை, என் மச்சாள். ரொக்ஸ்பரோவில் இருக்கிறாள். கனடா வந்த பிறகு எங்கள் கோவிலை விட்டு ஒரு செபக் கூட்டத்தில் சேர்ந்தாள். அதில் எனக்குக் கோபமில்லை. ஆண்டவர் ஒருவர்தானே. கோபம் வேறு. எனக்கு வருத்தம் வருவதற்கு நாலு வருடத்துக்கு முன் என் வயிற்றில் ஏழு மாதமாக இருந்த ஆண்பிள்ளை இறந்து பிறந்தான். அருள் என்று பெயர் வைத்திருந்தோம். அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் ஸ்ரெலா வீட்டுக்கு வந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொன்னாள்.

"அண்ணி, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் முழு விசுவாசத்தோட செபிக்கேல்லை. செபிச்சிருந்தா பிள்ளை தங்கியிருக்கும்."

அவள் எனக்கு நோகவேண்டும் என்று அதைச் சொல்லவில்லை. அதை உண்மையாக நம்பினாள். அதனால்தான் அது அப்படி வெட்டியது. நான் எழும்பிக் கதவைத் திறந்தேன். "இனி இந்தப் படி ஏறாதையும்" என்றேன். நாலு வருடம் அவள் ஏறவில்லை. கலியாண வீடுகளில் கண்டால் நான் வேறு மேசைக்குப் போய்விடுவேன். ஒவ்வொரு ஞாயிறும் மற்றவர்களை மன்னிக்கிறோம் என்று செபத்தில் சொல்லிவிட்டு, அந்த இடத்தை மட்டும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்த மூன்றாம் நாள் ஸ்ரெலா கதவடியில் நின்றாள். அன்ரன்தான் சொல்லியிருந்தார். எனக்கு அப்போது குரல் கொஞ்சம் இருந்தது. ஆனால் போகச் சொல்லவும் தெம்பில்லை. அவள் என் கால்மாட்டில் முழந்தாளிட்டு, போர்வைக்கு மேலால் கால்களைப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் செபித்தாள். எழும்பி நடக்கும்படி என் கால்களுக்குக் கட்டளையிட்டாள். பக்கத்துக் கட்டில் கிழவி திரைச்சீலையை விலக்கிப் பார்த்தாள்.

"நம்புங்கோ அண்ணி. இண்டைக்கே மாற்றம் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அன்று மாலை என்னால் எச்சில் விழுங்க முடியவில்லை. குழாயில் ஊதினேன், முள் அசையவில்லை. கட்டிலோடு தள்ளிக்கொண்டு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடினார்கள். கூரையில் விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. அன்ரன் கூடவே ஓடிவந்தார். "பிலோ, பயப்பிடாதையும். நான் இஞ்சதான் நிக்கிறன், நான் இஞ்சதான் நிக்கிறன்" என்று சொல்லிக்கொண்டே ஓடினார். ஒரு கதவில் அவரை நிறுத்திவிட்டார்கள்.

கண் திறந்தபோது என் வாய்வழியாகத் தொண்டைக்குள் ஒரு குழாய் இருந்தது. மெஷின் எனக்காக மூச்சு விட்டது. அறிவு தெளிவாக இருந்தது. காது கேட்டது. அசைக்க முடிந்தது கண்களையும் இமைகளையும் மட்டுந்தான். அப்படி ஒரு மாதத்துக்கு மேல் கிடந்தேன். இரண்டாம் கிழமையில் வாய்க் குழாயை எடுத்துவிட்டுக் கழுத்தில் சிறு துளையிட்டு அதன்வழியாக மூச்சைக் கொடுத்தார்கள்.

அந்த நாட்களைப் பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். நோ இருந்ததா? இருந்தது, அதுவும் முதுகிலும் கால்களிலும், போர்வை பட்டாலே நெருப்புப் பட்டதுபோல. ஆனால் நோவை விடக் கடினமானது வேறொன்று. என்னைத் திருப்பினார்கள், கழுவினார்கள், தொண்டைக்குள் சளியை உறிஞ்சினார்கள், ஆடையைக் கழற்றினார்கள், மாற்றினார்கள். இரண்டு பேர் என்னைக் கழுவிக்கொண்டே தங்கள் வாரவிடுமுறையைப் பற்றிப் பேசினார்கள். அவர்களிடம் கொடுமை இல்லை. நல்லவர்கள். ஆனாலும் நான் அங்கே ஒரு ஆளாக இல்லை.

செய்வதற்கு ஒன்றுமில்லாதபடியால் சிலுவைப்பாதையை மனதுக்குள் சொன்னேன். பதினாலு நிலைகளும் எனக்குப் பாடம். சொல்லிக்கொண்டு போகும்போது பதினொரு வருடம் கவனிக்காத ஒன்று தட்டுப்பட்டது. தீர்ப்பிடப்படுகிறார். சிலுவை சுமத்தப்படுகிறது. ஆடை களையப்படுகிறது. அறையப்படுகிறார். இறக்கப்படுகிறார். அடக்கம் செய்யப்படுகிறார். எல்லாம் "படுகிறது", "படுகிறார்". அதுவரை ஊர் ஊராக நடந்தவர், தொட்டுச் சுகப்படுத்தியவர், படகிலிருந்து பிரசங்கித்தவர், அந்த ஒலிவத் தோட்டத்தில் பிடிபட்ட பிறகு அநேகமாக ஒன்றுமே செய்வதில்லை. மற்றவர்கள் அவருக்குச் செய்கிறார்கள். நாங்கள் தமிழில் அதைப் பாடுகள் என்று சொல்கிறோம். படுவதுதான் பாடு. நான் அதுவரை ஆண்டவர் துன்பத்தைத் தைரியமாகச் சுமந்த ஒரு பலசாலி என்றுதான் நினைத்திருந்தேன். கட்டிலில் கிடந்தபோது, அவர் கையளிக்கப்பட்ட உடம்பாக இருந்தார் என்பது விளங்கியது. ஒன்றும் செய்ய முடியாமல் இருந்த அந்த நேரத்தில்தான் அவர் எல்லாவற்றையும் செய்து முடித்தார் என்றல்லவா நாங்கள் விசுவசிக்கிறோம்? அப்படியானால் ஒன்றும் செய்ய முடியாத இந்த உடம்பும் வீண்போனது இல்லை.

இது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. ஆனால் தொடர்ந்து இருக்கவில்லை. சில நாட்களில் ஆண்டவர் எங்கேயோ போய்விட்டார் என்றே இருந்தது. அதையும் எழுதாவிட்டால் பொய்யாகிவிடும்.

தாகம். அதைச் சொல்லாமல் விட முடியாது. மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவும் நீரும் போனதால் உடம்புக்குத் தண்ணீர் குறைவில்லையாம். ஆனால் வாய்க்கு அது தெரியாது. நாக்கு காய்ந்த தோல்போல அண்ணத்தில் ஒட்டியிருக்கும். விழுங்க முடியாததால் ஒரு துளி தண்ணீரும் தரமாட்டார்கள். தண்ணீர்த் தொட்டிக்கருகில் யாராவது கை கழுவினால் அந்தச் சத்தம் என் உடம்பு முழுவதும் கேட்கும்.

அங்கே யோலாந்த் என்று ஒரு தாதி. ஹெயிட்டிக்காரி, என் வயதுதான். என்னைத் தொடுமுன் "பொன்ஜூர் மதாம் பிலோமினா" என்று சொல்லி, என்ன செய்யப் போகிறாள் என்பதையும் சொல்லிவிட்டுத்தான் தொடுவாள். ஒருநாள் அவள் சின்னக் குச்சியொன்றைக் கொண்டுவந்தாள். அதன் நுனியில் இளஞ்சிவப்புக் கடற்பஞ்சு. அதைத் தண்ணீரில் தோய்த்துப் பிழிந்து என் உதட்டிலும் நாக்கிலும் தடவினாள்.

நான் இமைகளை மூடிக்கொண்டேன். கடற்பஞ்சு, தடி, தாகம். ஆண்டவரின் வாய்க்குத் தடியில் நீட்டியதாகப் பெரிய வெள்ளிதோறும் வாசித்துக் கேட்ட அதே பொருட்கள். சிலுவையிலிருந்து அவர் சொன்னதில் தாகமாயிருக்கிறது என்ற அந்தச் சின்ன வார்த்தையை நான் எப்போதும் விரைவாகத் தாண்டிப் போயிருக்கிறேன். மன்னிப்பைப் பற்றிச் சொன்னது பெரிய வார்த்தை, தாயைச் சீடரிடம் ஒப்படைத்தது பெரிய வார்த்தை. தாகம் என்றது என்ன? இப்போது தெரிந்தது. கடவுளுடைய மகன் மற்றவர்களிடம் தண்ணீர் கேட்டார். கேட்குமளவுக்கு இறங்கி வந்தார்.

எட்டாம் நாளோ ஒன்பதாம் நாளோ, ஸ்ரெலா திரும்பவும் வந்தாள். அன்ரன் வேலைக்குப் போக வேண்டியிருந்தது, டிலானிக்குப் பரீட்சை. ஸ்ரெலா காலையில் கேக் பொதிசெய்யும் இடத்தில் வேலை முடித்துவிட்டு, ரயிலில் வந்து, பிறகு பஸ் பிடித்து வந்திருந்தாள். ஜக்கெற்றில் பனி உருகிக்கொண்டிருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ள விரும்பினேன். திருப்ப முடியவில்லை. கண்ணை மூடலாம். மூடினேன். திறந்தபோதும் அவள் அங்கேயே நின்றாள்.

இந்த முறை அவள் சத்தமாகச் செபிக்கவில்லை. யோலாந்த் அவளுக்குக் குச்சியைக் கொடுத்துத் தோய்க்கும் விதத்தைக் காட்டிக்கொடுத்தாள். ஸ்ரெலா பஞ்சைப் பிழிய மறந்துபோனாள். தண்ணீர் என் நாடியில் வழிந்தது. தன் சால்வை நுனியால் துடைத்தாள். திரும்பத் தோய்த்தாள். என் கோபம் முழுதாக இருந்தது. ஆனால் காய்ந்த நாக்கு அவள் தந்த தண்ணீரை வாங்கிக்கொண்டது. அந்த நேரத்தில் எனக்கு வந்த வெட்கத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

அதன்பிறகு தினமும் இரண்டரை மணிக்கு வந்தாள். வாயை நனைத்தாள். குதிகாலுக்கு எண்ணெய் தடவினாள். ஒன்றும் கதைக்கமாட்டாள், கதைத்தால் ரயில் பிந்தியது, ரொக்ஸ்பரோவில் பனி எவ்வளவு என்பதோடு சரி. ஸ்ரெலா வாய் ஓயாதவள். அவளிடம் சொற்கள் முடிந்துபோனதை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இதற்கிடையில் டிலானி ஒரு வேலை செய்தாள். ஆஸ்பத்திரியில் ஒரு எழுத்துப்பலகை உண்டு. ஒருவர் எழுத்துகளை விரலால் காட்டிக்கொண்டு போவார், நோயாளி சரியான இடத்தில் இமை வெட்ட வேண்டும். அது பிரெஞ்சு எழுத்து. டிலானி பெரிய மட்டையில் தமிழ் எழுத்துகளை வரைந்து கொண்டுவந்தாள். மெய் எழுத்துகளை ஒரு வரிசையாகவும் உயிர் எழுத்துகளை ஒரு வரிசையாகவும் எழுதியிருந்தாள். சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தை ஏழாம் வகுப்போடு விட்டவள். ழகரம் தலைகீழாக இருந்தது. ஙகரத்தை "இது ஒருத்தருக்கும் தேவைப்படாது" என்று விட்டிருந்தாள்.

நான் முதலில் என்ன சொல்லப் போகிறேன் என்று அன்ரன் செபமாலையோடு காத்திருந்தார். நான் இமை வெட்டி வெட்டிச் சொன்னது: "கால் நோகுது. திருப்புங்கோ." மூவரும் சிரித்தோம். நான் உள்ளுக்குள் சிரித்தேன். அவர் சிரித்துக்கொண்டே முகத்தை மறுபக்கம் திருப்பிக் கண்ணைத் துடைத்தார்.

பெரிய வெள்ளியன்று அன்ரனும் டிலானியும் கோவிலுக்குப் போயிருந்தார்கள். நான்தான் போகச் சொன்னேன். இரண்டரைக்கு ஸ்ரெலா வந்தாள். வாயை நனைத்தாள். பிறகு கதிரையை என் முகத்துக்கு நேராக இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணி, நான் உங்களுக்காகப் பதினாலு நாள் உபவாசம் இருந்தனான். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. என்ர முழு மனதோடதான் செபிச்சனான். ஒரு துளி சந்தேகமும் வைக்கேல்லை." அவள் கையிலிருந்த குச்சியைப் பார்த்தாள். "ஒண்டும் நடக்கேல்லை. நான் செபிச்ச அண்டைக்கே உங்களுக்கு மூச்சு நிண்டது. அப்ப என்ர விசுவாசமும் போதாதோ எண்டு யோசிச்சன். ரயிலில வரேக்க ஒவ்வொரு நாளும் அதைத்தான் யோசிக்கிறன்."

மெஷின் மூச்சு விட்டது.

"அப்பிடியில்லை அண்ணி. நான் அண்டைக்கு உங்களுக்குச் சொன்னது பிழை. பிள்ளை போனதுக்கு நீங்கள் காரணமில்லை. நீங்கள் செபிச்சது போதாததாலை இல்லை. என்னத்தாலயெண்டு எனக்குத் தெரியாது. தெரியாதெண்டு சொல்லியிருக்க வேணும். உங்களோட இருந்து அழுதிருக்க வேணும். பிள்ளையைப் பறிகுடுத்த உங்களிட்டப் போய் நான் கணக்குக் கேட்டிட்டன்."

என் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. துடைக்க முடியாது. அவள் துடைத்தாள். நான் மட்டை இருந்த பக்கம் கண்ணைக் கொண்டுபோனேன். அவளுக்கு விளங்க நேரமெடுத்தது. மட்டையை எடுத்து, விரலை வைத்து, தட்டுத்தடுமாறிக் காட்டிக்கொண்டு போனாள். ந் என்ற இடத்தில் இமை வெட்டினேன். ஆ என்ற இடத்தில் வெட்டினேன்.

"நா... நானோ? நான் என்ன செய்யவேணும், அண்ணி?"

இல்லை. மீண்டும் தொடங்கினோம். நா. ளை. க்.

"நாளைக்கு... நாளைக்கும்? நாளைக்கு என்ன அண்ணி?"

வா. ரு. ம்.

நாளைக்கும் வாரும். அவ்வளவுதான் நான் சொன்னேன். மன்னித்துவிட்டேன் என்று சொல்வதற்கு அதைவிடக் கூட எழுத்து வேண்டும், என்னிடம் அதற்குத் தெம்பில்லை. ஆனால் பிறகு யோசித்தால், நேரமும் குரலும் இருந்திருந்தாலும் அதைவிடத் திறமாகச் சொல்லியிருக்க மாட்டேன். ஸ்ரெலா என் நெஞ்சின்மேல், குழாய்களுக்கு நடுவில், நெற்றியை வைத்து அழுதாள். மெஷின் என் நெஞ்சை ஏற்றி இறக்க, அவள் தலையும் ஏறி இறங்கியது. யோலாந்த் உள்ளே வந்து பார்த்துவிட்டுத் திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

உயிர்த்த ஞாயிறு வந்தது. அல்லேலூயா பாடி முடித்துப் பாதரும் எங்கள் ஆட்கள் சிலரும் கண்ணாடிக்கு வெளியே நின்று கையசைத்தார்கள். நான் அன்றும் அப்படியே கிடந்தேன். ஒரு விரல்கூட அசையவில்லை. மற்றவர்களின் முகத்தில் நான் எழும்புவேன் என்ற எதிர்பார்ப்பும், எழும்பாததால் ஒரு சங்கடமும் தெரிந்தது. விசித்திரம், எனக்கு ஏமாற்றம் வரவில்லை. கல்லறையிலிருந்து வந்தவர் தன் சீடருக்கு முதலில் காட்டியது காயங்களைத்தானே. காயம் ஆறிய பிறகு வருகிறேன் என்று அவர் காத்திருக்கவில்லை. அப்படியானால் நம்பிக்கை என்பது எல்லாம் சரியான பிறகு வருவதல்ல, சரியாகாமல் இருக்கும்போதே கட்டிலருகில் வந்து உட்காருவது. என்னால் நம்ப முடியாத நாட்களில் எனக்காக மற்றவர்கள் நம்பிக்கொண்டிருந்தார்கள். அன்ரன் வீட்டில் என் செருப்பைத் துடைத்துக் கதவடியில் வைத்தாராம். டிலானி எனக்கு இரண்டு சோடி புதுக் காலுறை வாங்கிவைத்தாள். அது அவர்களுடைய விசுவாசப் பிரமாணம்.

உயிர்ப்புக்குப் பிறகு ஆறாம் நாள் இடது கட்டைவிரல் அசைந்தது. கண்டது ஸ்ரெலாதான். அவள் போட்ட சத்தத்துக்கு இரண்டு தாதிமார் ஓடிவந்தார்கள். அதன்பின் எல்லாம் மெதுவாக, மிக மெதுவாக. மெஷினை முதல்நாள் பத்து நிமிடம் நிறுத்தினார்கள், பிறகு ஒரு மணித்தியாலம், பிறகு ஒரு பகல். கழுத்துத் துளையை மூடியபோது வந்த என் குரலை எனக்கே அடையாளம் தெரியவில்லை. மே மாதத்தில் மறுவாழ்வு ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே இரண்டு கம்பிகளுக்கு நடுவில் நிற்கப் பழகினேன். கரண்டி பிடிக்க, பொத்தான் பூட்ட, தலை சீவப் பழகினேன். வீட்டுக்கு வந்தது செப்டம்பரில். மூன்றாம் மாடி இனிச் சரிவராது என்று அன்ரன் அதே தெருவில் கீழ்வீடு பார்த்திருந்தார். என் பாதங்கள் இன்னும் முழுவதாகத் திரும்பவில்லை. கணுக்காலில் பிளாஸ்ரிக் தாங்கி போட்டுக்கொண்டு, ஒரு கைத்தடியோடு நடக்கிறேன். தையல் வேலைக்குத் திரும்ப முடியாது.

ஸ்ரெலாவும் நானும் எல்லாவற்றிலும் ஒத்துப்போகிறோம் என்று நினைக்காதீர்கள். அவள் இன்னும் தன் செபக் கூட்டத்துக்குத்தான் போகிறாள், நான் பூசைக்குப் போகிறேன். மாதா செபமாலையைப் பற்றிக் கதை வந்தால் இரண்டு பேருக்கும் குரல் உயரும். பிறகு அவள் தேத்தண்ணி போடுவாள். ஆனால் அருளின் நினைவு நாளில் கல்லறைக்கு என்னோடு வந்தாள். கல்லிலிருந்த பனியைக் கையுறையால் தள்ளிவிட்டு, பெயரைச் சத்தமாக வாசித்தாள். அவள் வாயில் என் பிள்ளையின் பெயரை நான் கேட்டது அதுதான் முதல்தடவை.

போன ஜனவரியில் யோலாந்த் தொலைபேசி எடுத்தாள். எனக்கு வந்த அதே வருத்தத்தோடு ஒருவர் வந்திருக்கிறார், முப்பத்துநாலு வயது, பஸ் சாரதி, மெஷினில் இருக்கிறார் என்றாள். அவருடைய மனைவியைக் கேட்டுத்தான் கூப்பிடுகிறேன், ஒருமுறை வந்து போக முடியுமா என்று கேட்டாள். எனக்குப் பயமாக இருந்தது. அந்தக் கட்டடத்துக்குள் திரும்பப் போவேனென்று நினைக்கவில்லை. டிலானி காரில் கூட்டிக்கொண்டு போனாள்.

அவர் கண்களைத் திறந்தபடி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். மனைவி கட்டிலடியில் நின்றாள். இரண்டு நாள் நித்திரையில்லாத முகம். அவருக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்று வழிநெடுகச் சொற்களைத் தேடிக்கொண்டு வந்திருந்தேன். ஆண்டவரைப் பற்றிச் சொல்லலாமா, அவர் விசுவாசியோ என்னவோ, என் பிரெஞ்சில் என்னதான் சொல்ல முடியும். கட்டிலருகில் போனதும் எல்லாம் போய்விட்டது. என் சட்டைக் கழுத்தை விலக்கித் தழும்பைக் காட்டினேன். "முவா ஓசி" என்றேன். எனக்கும்தான்.

அவர் கண்கள் தழும்பில் நின்றன.

பிறகு நான் கட்டிலை விட்டு விலகி, அவர் பார்வைக்குள் நிற்கும்படியாக, கைத்தடியை ஊன்றிக் கதவடியிலிருந்து யன்னல்வரை நடந்தேன். பத்து அடி இருக்கும். வலது கால் இழுத்தது. யன்னலைப் பிடித்துத் திரும்பி, வந்த வழியே நடந்தேன்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கதவைப் பார்த்தார். பிறகு யன்னலைப் பார்த்தார். திரும்பவும் கதவைப் பார்த்தார். மனைவிக்கு விளங்கவில்லை. யோலாந்துக்கு விளங்கியது.

"ஆன்கோர்?" என்று அவரிடம் குனிந்து கேட்டாள். இன்னொரு தடவையா?

அவர் இமைகளை மூடித் திறந்தார்.

நான் கைத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, இன்னொரு தடவை நடந்தேன்.